சுறாவைப் பார்க்க மாலத்தீவு போறீங்களா? டிக்கெட் போடும் முன் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயங்கள் இதுதான்!

இந்தியப் பெருங்கடலில் சுறாக்களுக்குப் பாதுகாப்பான இடம் எனப் பெயர் எடுத்த நாடு மாலத்தீவு. 2010-ல் அங்கே சுறா பிடிக்க முழுத் தடை வந்தது. 15 ஆண்டுகள் கழித்து, 2025 நவம்பரில் அந்தத் தடையில் ஒரு கதவு திறந்திருக்கிறது. 'கல்ப்பர் சுறா' எனப்படும் ஆழ்கடல் சுறாக்களைப் பிடிக்க அதிபர் முகமது முய்சுவின் அரசு மீண்டும் அனுமதி கொடுத்துவிட்டது.

இன்னொரு பக்கம், இன்ஸ்டாகிராமைத் திறந்தாலே புலிச்சுறாவுக்குப் பக்கத்தில் நீந்தும் ரீல்ஸ்தான். "வாழ்க்கையில ஒரு தடவையாவது போகணும்" என்று பிளான் போடுபவர்கள் நம்ம ஊரிலும் அதிகமாகிவிட்டார்கள்.

இந்த இரண்டும் சம்பந்தமே இல்லாத செய்திகள் மாதிரித் தெரியலாம். ஆனா நெருங்கிய தொடர்பு இருக்கு. மாலத்தீவில் சுறா உயிரோடு இருந்தால் லாபமா, செத்தால் லாபமா என்ற கணக்கை இத்தனை வருஷமா தீர்மானித்து வந்தது, அதைப் பார்க்க வந்தவர்கள் செலவழித்த பணம்தான். அப்படியென்றால் நீங்க எங்கே போறீங்க, யாரிடம் டைவ் பண்றீங்க என்பதும் அந்தக் கணக்கில் சேரும். என்ன நடக்கிறது, எப்படித் திட்டமிடலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

32 டாலரா? 3,300 டாலரா?

ஒரு காலத்தில் மாலத்தீவிலும் சுறாக்கள் தாராளமாகவே பிடிக்கப்பட்டன. துடுப்பு, உலர்ந்த இறைச்சி, ஈரல் எண்ணெய் எல்லாம் ஏற்றுமதி ஆனது. 1970-களில் சுற்றுலா வளர ஆரம்பித்ததும் மோதலும் தொடங்கியது. டைவிங் வருபவர்கள் சுறாவைப் பார்க்க வருகிறார்கள். மீனவர்களோ அதே சுறாவைப் பிடிக்கிறார்கள். ரெண்டு பேருக்கும் ஒரே கடல்.

1993-ல் வெளியான ஓர் ஆய்வு இந்தச் சண்டைக்கு எண்களில் பதில் சொன்னது. பவளப்பாறையை ஒட்டி வாழும் சாம்பல் நிறச் சுறா ஒன்றைப் பிடித்து விற்றால் மீனவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு தடவை, சுமார் 32 டாலர். அதே சுறா உயிரோடு சுற்றினால், டைவிங் சுற்றுலா மூலம் ஆண்டுக்குச் சராசரியாக 3,300 டாலர். 'ஃபிஷ் ஹெட்' என்ற புகழ்பெற்ற டைவிங் இடத்தில் இருந்த சுறாக்களுக்கு மட்டும் தனியாகக் கணக்குப் போட்டால், ஒன்றின் மதிப்பு ஆண்டுக்கு 33,500 டாலர்.

இந்தக் கணக்கு மெல்ல மெல்ல அரசின் கொள்கையை மாற்றியது. திமிங்கலச் சுறாவுக்கு 1995-லேயே பாதுகாப்பு வந்தது. 1998-ல் சுற்றுலா நடக்கும் 7 அட்டோல்களில் சுறா பிடிக்க 10 ஆண்டுத் தடை. பிறகு 2010-ல் நாடு முழுக்கத் தடை. (பவளத்தீவுகள் வளையம் போல அமைந்த கூட்டத்துக்குத்தான் அட்டோல் என்று பெயர். உலகம் முழுக்கப் பயன்படும் இந்தச் சொல்லே மாலத்தீவின் திவேஹி மொழியில் இருந்து போனதுதான்.)

பசிபிக் கடலில் உள்ள குட்டி நாடான பலாவு, 2009-ல் தன் கடல் பரப்பையே சுறாக்களின் சரணாலயம் என அறிவித்தது. அங்கே நடந்த ஆய்வில், சுற்றுலா மூலம் ஒரு சுறா தன் வாழ்நாளில் கொண்டுவரும் வருமானம் சுமார் 19 லட்சம் டாலர் என்று தெரியவந்தது. பிடித்து விற்றால்? 108 டாலர்.

அப்போ இப்போ ஏன் இந்தத் தளர்வு?

கல்ப்பர் சுறா நாம் வீடியோவில் பார்க்கும் சுறா அல்ல. பச்சைக் கண்களோடு, சூரிய வெளிச்சம் எட்டாத ஆழத்தில், பெரும்பாலும் 200 மீட்டருக்கும் கீழே வாழ்வது. எந்தச் சுற்றுலா டைவரும் அதைப் பார்க்கப் போவதில்லை. அதன் ஈரலில் இருந்து எடுக்கும் 'ஸ்குவாலீன்' எண்ணெய்க்கு அழகுசாதனப் பொருட்கள் துறையிலும் மருந்துத் துறையிலும் நல்ல விலை இருக்கிறது.

அரசுத் தரப்பின் வாதம் இதுதான்: இது சுற்றுலாவைப் பாதிக்காத இனம், மீனவர்களுக்கு வருமானம் வேண்டும், கட்டுப்பாடுகளோடுதான் அனுமதி தருகிறோம்.

மீனவர்கள் தரப்பிலும் ஆதங்கம் இல்லாமல் இல்லை. மாலத்தீவு மீனவர்கள் வலை போடாமல், தூண்டில் கழியால் ஒவ்வொன்றாகச் சூரை மீன் பிடிப்பவர்கள். இலங்கைச் சமையலில் தவிர்க்க முடியாத மாசிக் கருவாடு அந்த மீனில் செய்வதுதான். தடைக்குப் பிறகு சுறாக்கள் பெருகிவிட்டன, தூண்டிலில் சிக்கிய மீனையே கடித்துக்கொண்டு போகின்றன என்பது அவர்களின் நீண்ட நாள் புகார். சுறாவால் வரும் டாலர் ரிசார்ட்டுக்குப் போகிறது, நஷ்டம் மட்டும் எங்களுக்கா என்ற கேள்வியில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

எதிர்ப்பாளர்கள் என்ன சொல்றாங்க? கல்ப்பர் சுறா மிக மெதுவாக வளரும், பருவத்துக்கு வரவே பல ஆண்டுகள் எடுக்கும், ஈனும் குட்டிகளும் மிகக் குறைவு. பிடித்துத் தீர்த்துவிட்டால் மீண்டு வருவது கடினம். இது வெறும் பயமும் அல்ல. 1980-களில் மாலத்தீவில் இதே கல்ப்பர் சுறா மீன்பிடிப்பு உச்சத்துக்குப் போய், அடுத்த இருபது ஆண்டுகளில் சுருண்டுபோனது. ஆழ்கடல் தூண்டிலில் வேறு சுறாக்களும் சிக்கும் என்ற கவலை தனி.

இந்த நிலையில்தான் 2025 இறுதியில் உஸ்பெகிஸ்தானின் சமர்கண்ட் நகரில் நடந்த 'சைட்டீஸ்' மாநாட்டில், கல்ப்பர் சுறாக்களின் சர்வதேச வர்த்தகத்துக்குக் கட்டுப்பாடு விதிக்க உலக நாடுகள் முடிவு செய்தன. திமிங்கலச் சுறாவுக்கும் திருக்கை இனமான மன்டா ரேக்களுக்கும் அதைவிடக் கடுமையான பாதுகாப்பு கிடைத்தது.

சரி, நான் போகலாமா, வேண்டாமா?

"சுறாவைக் கொல்ல அனுமதித்த நாட்டுக்கு ஏன் போகணும்?" என்று கேட்பவர்களும் உண்டு. கோபம் புரிகிறது. ஆனா சுற்றுலா வருமானம் நின்றால் முதலில் பலவீனமாவது சுறாவுக்கு ஆதரவான வாதம்தான்.

2018-ல் வெளியான ஓர் ஆய்வு மாலத்தீவு டைவர்களிடம் கேட்டு ஒரு கணக்குப் போட்டது. சுறாக்கள் பெருகினால் டைவிங் பயணங்களுக்கான தேவை 15% கூடலாம். டைவிங் தொழிலுக்கு ஆண்டுக்கு 60 லட்சம் டாலருக்கு மேல் கூடுதல் லாபம். மாறாக, சுறாக்கள் குறைந்தாலோ, சட்டவிரோதமாகப் பிடிப்பதைப் பயணிகள் கண்ணால் பார்த்தாலோ, டைவிங் நிறுவனங்களே பாதுகாப்பில் அக்கறை காட்டாவிட்டாலோ, தேவை 56% வரை சரியலாம். இழப்பு ஆண்டுக்கு 2 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல்.

அந்தக் கடைசி விஷயத்தைக் கவனிங்க. சுறா இருக்கிறதா என்பது மட்டுமல்ல, நம்மைக் கூட்டிப் போகிறவர் சுறாவை எப்படி நடத்துகிறார் என்பதையும் பயணிகள் பார்க்கிறார்கள். அதனால் போகலாம். ஆனா கண்ணை மூடிக்கொண்டு கிடைத்த பேக்கேஜில் ஏறாமல், தேர்ந்தெடுத்துப் போகணும்.

எங்கே போனால் எந்தச் சுறா?

மாலத்தீவு வடக்கு தெற்காகச் சுமார் 870 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. 'மாலத்தீவு போனால் சுறா பார்க்கலாம்' என்பது, 'தமிழ்நாடு போனால் யானை பார்க்கலாம்' என்பது போல. எந்த இடம் என்பதுதான் முக்கியம்.

ஃபுவாமுலா: பூமத்திய ரேகையைத் தாண்டி, தெற்கே தனியாக நிற்கும் ஒற்றைத் தீவு. புலிச்சுறாவுக்கு இன்று உலகிலேயே பேர் போன இடம். ஆராய்ச்சியாளர்கள் ஏழு ஆண்டுகளில் இங்கே 239 தனித்தனிப் புலிச்சுறாக்களை உடல் அடையாளங்களை வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். பெரும்பாலானவை பெண் சுறாக்கள். ஆண்டு முழுக்கப் பார்க்கலாம். 2020 முதல் இது யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகம். நீளமான வாலைச் சாட்டை போலச் சுழற்றும் திரெஷர் சுறாவும் இங்கே வரும்.

தெற்கு ஆரி அட்டோல்: உலகின் மிகப் பெரிய மீனான திமிங்கலச் சுறாவுக்கான இடம். 2009-ல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஆண்டு முழுக்க இருக்கும். இதைப் பார்க்க ஸ்கூபாவே வேண்டாம்; முகமூடியும் மூச்சுக்குழாயும் போட்டு மேற்பரப்பில் மிதந்தபடி ஸ்நார்க்லிங் செய்தாலே போதும். நீச்சல் தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான்.

வாவு அட்டோல்: இரண்டு தீவுகளுக்கு இடையே கடல் நீர் ஆறு போலப் பாயும் வாய்க்கால்களில் சாம்பல் நிறச் சுறாக்கள் கூட்டமாக நிற்கும். அலிமத்தா தீவை ஒட்டி நர்ஸ் சுறாக்களுடன் இரவு டைவ் பிரபலம்.

ரஸ்தூ அட்டோல்: விடியற்காலையில் கொம்பன் சுறா, அதாவது சுத்தியல் தலைச் சுறா. அடிப்பகுதி கண்ணுக்குத் தெரியாத நீலக் கடலில் இறங்கிக் காத்திருக்கணும். ஒரு நாள் நாற்பது வரலாம், ஒரு நாள் ஒன்றுகூட வராமலும் போகலாம்.

எந்த மாதம் போகலாம்?

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம். கடல் அமைதியாக இருக்கும், தண்ணீருக்கு அடியில் தூரம் வரை தெளிவாகத் தெரியும். வாய்க்கால் டைவ்களுக்கும் சாம்பல் சுறாக்களுக்கும் இதுதான் சீசன். விலையும் உச்சத்தில் இருக்கும்.

மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. மழை, அலை, கொஞ்சம் கலங்கிய தண்ணீர். ஆனா தண்ணீர் கலங்குவதற்கு ஒரு காரணமான மிதவை உயிரிகளைத் தின்னத்தான் மன்டா ரேக்கள் திரண்டு வரும். பா அட்டோலின் ஹனிஃபாரு விரிகுடாவில் இந்தக் காட்சி பிரசித்தம். அங்கே ஸ்கூபாவுக்கு அனுமதி இல்லை, ஸ்நார்க்லிங் மட்டும்தான். செலவு குறையணும், மழை பரவாயில்லை என்பவர்களுக்கு இந்த மாதங்கள் ஓகே.

தண்ணீரின் வெப்பம் ஆண்டு முழுக்க 27 முதல் 30 டிகிரி. குளிருமோ என்ற கவலை பெரிதாக வேண்டாம்.

எனக்கு டைவிங்கே தெரியாதே?

இங்கேதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. பயிற்சி இல்லாதவர்களைப் பயிற்சியாளர் கையைப் பிடித்துக் கூட்டிப் போகும் அறிமுக டைவில் அதிகபட்சம் 12 மீட்டர்தான். அதை வைத்துக்கொண்டு வாய்க்கால் நீரோட்டத்தில் இறங்க முடியாது, இறங்கவும் கூடாது.

பி.ஏ.டி.ஐ., எஸ்.எஸ்.ஐ. போன்ற அமைப்புகளின் 'ஓப்பன் வாட்டர்' சான்றிதழ் இருந்தால் 18 மீட்டர் வரை போகலாம். அடுத்த நிலையான 'அட்வான்ஸ்டு' முடித்தால் 30 மீட்டர். மாலத்தீவு விதிப்படி சுற்றுலா டைவர் யாராக இருந்தாலும் 30 மீட்டர்தான் எல்லை. "இன்னும் கொஞ்சம் கீழே போனால் சுறா நிச்சயம்" என்று யாராவது ஆசை காட்டினால், அவரிடம் டைவ் பண்ணாதீங்க.

ஓப்பன் வாட்டர் படிப்பு பொதுவாக 3 அல்லது 4 நாளில் முடியும். புதுச்சேரியிலும் அந்தமானின் ஹேவ்லாக்கிலும் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. அங்கே கற்றுக்கொண்டு, குறைந்தது 15, 20 டைவ்களாவது பழகிவிட்டு மாலத்தீவு போறது நல்லது. தண்ணீரில் உடம்பை மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் நிறுத்தத் தெரியாதவர், சுறாவைப் பார்க்கும் இடத்தில் தன் முகமூடியோடுதான் போராடிக்கொண்டு இருப்பார்.

ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, காது அறுவை சிகிச்சை என ஏதாவது இருந்தால், டைவிங் பற்றித் தெரிந்த மருத்துவரிடம் சான்று வாங்கிய பிறகுதான் பணம் கட்டணும். படிவத்தில் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டுப் போவது உயிரோடு விளையாடுவது.

சுறா கடிக்காதா?

எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி இது. ஃபுளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பராமரிக்கும் சர்வதேச சுறாத் தாக்குதல் பதிவேட்டின்படி, 2024-ல் உலகம் முழுக்க மனிதர்கள் சீண்டாமலே சுறா கடித்த சம்பவங்கள் 47. அதில் உயிரிழந்தவர்கள் 4 பேர். இதில் பெரும்பங்கு, மேற்பரப்பில் நீந்துபவர்களும் அலைச்சறுக்கு விளையாடுபவர்களும்தான்.

அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. புலிச்சுறா 4 மீட்டருக்கு மேல் வளரும் வேட்டை விலங்கு. அதோடு டைவ் பண்ணும்போது சில விஷயங்கள் கட்டாயம்: கண்ணை அதன் மேலேயே வைத்திருங்க, முதுகைக் காட்டாதீங்க, கைகளை உடம்போடு ஒட்டி வைங்க, கூட்டத்தை விட்டுப் பிரியாதீங்க. நல்ல ரீல் வேண்டும் என்று கை நீட்டித் தொடுவது தைரியம் அல்ல, அசட்டுத்தனம்.

உண்மையான ஆபத்து எது?

நீரோட்டமும், மேலே வரும் வேகமும், விமானமும்தான்.

மாலத்தீவு வாய்க்கால்களில் நீரோட்டம் சில சமயம் ஆளையே அடித்துப்போகும். சில இடங்களில் கீழ்நோக்கியும் இழுக்கும். படகில் இருப்பவர் உங்களைத் தேடிக் கண்டுபிடிக்க, மேற்பரப்பில் ஊதி நிமிர்த்தும் ஆரஞ்சு நிறக் குழாயும் விசிலும் உங்களிடம் இருக்கணும். வாடகைக்கு வாங்கும் கிட்டில் அது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்க.

அடுத்தது நைட்ரஜன். ஆழத்தில் சுவாசிக்கும்போது உடம்பில் கரையும் நைட்ரஜன், வேகமாக மேலே வந்தால் சோடா பாட்டிலைத் திறந்தது போலக் குமிழாகிவிடும். மூட்டு வலியில் தொடங்கிப் பக்கவாதம் வரை போகலாம். விமானத்தில் உயரே போகும்போதும் அழுத்தம் குறைவதால் இதே ஆபத்து. அதனால்தான் 'டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்' அமைப்பு, ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல நாட்கள் தொடர்ந்து டைவ் பண்ணியிருந்தால் 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏறச் சொல்கிறது. 24 மணி நேரம் விட்டால் இன்னும் நிம்மதி.

இதில் பலரும் கோட்டை விடும் இடம் ஒன்று இருக்கு. சென்னைக்குத் திரும்பும் விமானத்தை மட்டும் கணக்கில் வைப்பார்கள். ஆனா ஃபுவாமுலாவில் இருந்து தலைநகர் மாலேவுக்கு வருவதே உள்நாட்டு விமானத்தில்தான். கணக்கு அங்கிருந்தே தொடங்குகிறது. ரிசார்ட்டுகளுக்குப் போகும் கடல் விமானத்துக்கும் இது பொருந்தும். கடைசி நாளை டைவ் இல்லாத நாளாக விட்டுவிட்டு டிக்கெட் போடுங்க.

இந்த நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை எல்லாத் தீவிலும் கிடையாது. மாலேவுக்குப் பக்கத்தில் பண்டோஸ் தீவில் ஒன்று இருக்கிறது. தென்கோடித் தீவில் இருந்து அங்கே போவதற்கு ஆகும் செலவையும் சிகிச்சைச் செலவையும் நினைத்தால், டைவிங்குக்கான தனிக் காப்பீடு எடுக்காமல் கிளம்பவே கூடாது. சாதாரணப் பயணக் காப்பீட்டில் ஸ்கூபா சேராமல் இருக்கலாம். சேர்ந்தாலும் ஆழத்துக்கு வரம்பு இருக்கலாம். நிபந்தனைகளை வரி விடாமல் படிங்க.

இரை போட்டு வரவழைப்பது சரியா?

ஃபுவாமுலாவில் புலிச்சுறாக்கள் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கூடியதற்குக் காரணம், மீனவர்கள் சூரை மீனைச் சுத்தம் செய்து கடலில் கொட்டிய கழிவுகள். இப்போது டைவிங் நடத்துபவர்கள் மீன் தலைகளைப் பாறைக்கு அடியில் வைத்து அவற்றை வரவழைக்கிறார்கள்.

இதில் இரண்டு கருத்து இருக்கு. இரை இல்லாவிட்டால் பெரிய சுறாக்களை அருகில் பார்ப்பது அரிது, பார்க்க முடியாவிட்டால் பணம் வராது, பணம் வராவிட்டால் பாதுகாப்பு வராது என்பது ஒரு தரப்பு. மனிதன் என்றால் சாப்பாடு என்று சுறா பழகிவிடும், அதன் இயல்பான நடமாட்டம் மாறிவிடும், ஒரு நாள் விபத்து நடந்தால் பழி சுறா மேல்தான் விழும் என்பது இன்னொரு தரப்பு. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் தன் எல்லைக்குட்பட்ட கடலில் டைவர்கள் சுறாவுக்கு இரை போடுவதையே தடை செய்திருக்கிறது.

இரண்டு தரப்பும் ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு. கையால் ஊட்டக் கூடாது, தொடக் கூடாது, ஒரே நேரத்தில் கூட்டம் சேர்க்கக் கூடாது. தொட்டுக் காட்டும் வழிகாட்டி உங்களுக்கு நல்ல வீடியோ கொடுப்பார், சுறாவுக்கு நல்லது செய்ய மாட்டார்.

திமிங்கலச் சுறா விஷயத்திலும் இப்படித்தான். உடலில் இருந்து குறைந்தது 3 மீட்டர், வாலில் இருந்து 4 மீட்டர் தள்ளி இருக்கணும், ஃபிளாஷ் போடக் கூடாது என்பது அங்கே கடைப்பிடிக்கச் சொல்லும் நடைமுறை. சுறா தெரிந்ததும் பத்துப் படகுகள் ஒன்றாகப் பாய்வதும் நடக்கிறது. படகின் சுழல்விசிறி வெட்டிய தழும்பு இல்லாத திமிங்கலச் சுறாவைப் பார்ப்பதே கஷ்டம் என்ற நிலை வந்துவிடக் கூடாது.

செலவு, விசா விவரம்

இந்தியர்களுக்கு மாலத்தீவில் இறங்கியதும் இலவச விசா. பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் 'இமுகா' இணையதளத்தில் பயண விவரத்தைப் பதிவு செய்யணும். அதற்குக் கட்டணம் இல்லை. கட்டணம் கேட்கும் போலித் தளங்களில் மாட்டிக்காதீங்க.

திருவனந்தபுரத்தில் இருந்து மாலே ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான பயணம்தான். நேரடி விமானங்களின் அட்டவணை அடிக்கடி மாறுவதால் கொச்சி, பெங்களூரு, கொழும்பு வழிகளையும் ஒப்பிட்டுப் பாருங்க.

விளம்பரத்தில் போடாத செலவுகளைத் தனியாக எழுதிவைங்க. 2025 ஜனவரி முதல் பசுமை வரி ஒரு நபருக்கு ஒரு நாளைக்கு ரிசார்ட்டில் 12 டாலர். மக்கள் வாழும் தீவுகளில் உள்ள 50 அறைகள் வரையிலான விடுதிகளில் 6 டாலர். சுற்றுலாவுக்கான ஜிஎஸ்டி 2025 ஜூலை முதல் 17%. உள்நாட்டு விமானம், டைவிங் கிட் வாடகை, படகுக் கட்டணம் எல்லாம் பேக்கேஜுக்குள் வருதா வெளியே நிக்குதா என்று எழுத்தில் கேளுங்க.

எங்கே தங்குவது என்பதிலும் விஷயம் இருக்கு. மக்கள் வாழும் தீவுகளில் சின்ன விடுதிகள் நடத்தும் வழி 2009-க்குப் பிறகுதான் பரவலாகத் திறந்தது. அதற்கு முன் சுற்றுலாப் பணம் பெரும்பாலும் ரிசார்ட் தீவுகளோடு நின்றுவிடும். ஃபுவாமுலா போன்ற தீவில் உள்ளூர்க்காரர் நடத்தும் விடுதியில் தங்கி, உள்ளூர் ஆட்கள் வேலை செய்யும் டைவிங் சென்டரில் டைவ் பண்ணினால், சுறா உயிரோடு இருப்பதால் வரும் பணத்தில் ஒரு பங்கு அந்தத் தீவுக்கே போகும். மீனவர்களின் ஆதங்கத்துக்கு நீண்ட கால மருந்து அதுதான். ஒன்று மட்டும் நினைவில் வைங்க: இந்தத் தீவுகளில் மது கிடையாது, நீச்சல் உடைக்கென ஒதுக்கிய கடற்கரை தவிர மற்ற இடங்களில் உடையில் கட்டுப்பாடு உண்டு.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. ஒரு வழிகாட்டிக்கு எத்தனை டைவர்கள்? நாலு பேருக்கு ஒருவர் என்றால் நல்லது. எட்டு, பத்து என்றால் யோசிங்க.

2. என் அனுபவத்துக்கு இந்த இடம் சரியா? சான்றிதழைக்கூடக் கேட்காமல் 'வாங்க பாத்துக்கலாம்' என்று சொல்பவர் உங்களைப் பார்த்துக்கொள்ள மாட்டார்.

3. படகில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா? அவசரத்துக்கு எங்கே கொண்டுபோவீர்கள்?

4. இரை வைப்பீர்களா? வைத்தால் எப்படி? யாராவது சுறாவைத் தொட்டால் என்ன செய்வீர்கள்?

5. சுறா வராவிட்டால்? 'நிச்சயம் காட்டுவோம்' என்பவரைவிட, 'கடல் நம்ம கையில் இல்லை' என்பவரை நம்பலாம்.

6. எடுத்த படங்களை ஆராய்ச்சிக்குக் கொடுக்கிறீர்களா? சுறாக்களை அடையாளம் காண டைவர்கள் எடுக்கும் படங்கள் பெரிய உதவி. அதைச் செய்யும் நிறுவனத்துக்கு அக்கறை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இது மாலத்தீவின் பிரச்னை மட்டும்தானா?

இல்லை. 1970 முதல் அரை நூற்றாண்டில் உலகின் பெருங்கடல்களில் வாழும் சுறா, திருக்கை இனங்களின் எண்ணிக்கை 71% குறைந்துவிட்டது என்கிறது 2021-ல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு. முந்தைய ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வில், 58 நாடுகளைச் சேர்ந்த 371 பவளப்பாறைப் பகுதிகளில் கேமரா வைத்துப் பார்த்ததில், கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு இடத்தில் சுறா இருந்த தடயமே இல்லாத அளவுக்கு நிலைமை இருந்தது.

இந்தியாவும் உலகில் சுறா அதிகம் பிடிக்கும் நாடுகளில் ஒன்று. குமரி மாவட்டம் தூத்தூர் பகுதி மீனவர்கள் ஆழ்கடல் சுறாப் பிடிப்பில் நாடறிந்தவர்கள். திமிங்கலச் சுறாவுக்கு 2001-ல் சட்டப் பாதுகாப்பு வந்தது, 2015-ல் சுறாத் துடுப்பு ஏற்றுமதிக்குத் தடை வந்தது. ஆனா சுறாப் புட்டு நம் வீடுகளில் இன்னும் விருந்துதான். பிள்ளை பெற்றவர்களுக்குப் பால் சுறா கொடுக்கும் வழக்கமும் தொடர்கிறது. வீட்டில் சாப்பிடுவதும் வெளிநாடு போய்ப் பார்ப்பதும் ஒரே உயிரினம். இதில் யாரையும் குற்றவாளி ஆக்க வேண்டியதில்லை. மாலத்தீவுக்குச் சுற்றுலா என்ற மாற்று வருமானம் கிடைத்தது. தூத்தூர்க்காரருக்கு அப்படி ஒன்று இன்னும் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கணும்.

அடுத்து என்ன?

கவனிக்க வேண்டியது மூன்று விஷயங்கள். கல்ப்பர் சுறா எவ்வளவு பிடிபடுகிறது என்ற கணக்கை மாலத்தீவு அரசு வெளிப்படையாகச் சொல்லுமா? சர்வதேசக் கட்டுப்பாடுகள் வந்த பிறகு அந்த எண்ணெயை எப்படி ஏற்றுமதி செய்யப் போகிறது? இந்த ஒரு இனத்தோடு தளர்வு நிற்குமா, அல்லது அடுத்து வேறு சுறாக்களுக்கும் வருமா?

முதல் இரண்டும் அரசுகள் சொல்ல வேண்டிய பதில். மூன்றாவதில் பயணிகளுக்கும் பங்கு இருக்கிறது. சுறாவைப் பார்க்க ஆள் வரும் வரை, அந்தப் பணம் தீவு மக்களின் கைக்கும் போய்ச் சேரும் வரை, தடையை முழுதாக எடுப்பது எந்த அரசுக்கும் சுலபமாக இருக்காது. அதனால் பாஸ்போர்ட்டைத் தேடும் முன், அந்த 6 கேள்விகளை ஒரு மெயிலில் போட்டு இரண்டு, மூன்று டைவிங் சென்டர்களுக்கு அனுப்பிப் பாருங்க. யாரிடம் போகலாம் என்பது வரும் பதில்களிலேயே தெரிந்துவிடும்.